வாடகைக்காரில் துப்பாக்கி வேண்டுமா?

நள்ளிரவு நேரம். மழை தூறிக்கொண்டிருக்கிறது. சாலையோரத்தில் நின்று கையசைத்த ஒருவனை ஏற்றிக்கொண்டு வாடகைக்கார் ஒன்று புறப்படுகிறது. ஏறியவன் யார்? ஓட்டுநருக்குத் தெரியாது. ஓட்டுபவர் யார்? ஏறியவனுக்கும் தெரியாது. ஒருவரையொருவர் அறியாத இருவர், கதவுகள் சாத்திய ஒரு சிறு கூட்டுக்குள் அமர்ந்து, ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போகின்றனர். பெருநகரங்களில் இரவும் பகலும் ஓயாது நடைபெறும் இந்நிகழ்ச்சி, நம்பிக்கை ஒன்றையே அச்சாணியாகக் கொண்டு உருளுகிறது. அந்த அச்சாணி முறிந்தால் என்ன செய்வது? ஓட்டுநரோ பயணியோ, அல்லது இருவருமோ, இடுப்பில் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா?

நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் பெற்றவரே துப்பாக்கி வைத்திருக்க முடியும். அவ்வுரிமத்தைப் பெறுவதும் எளிதன்று. எனவே இவ்வினா நமக்கு விந்தையாகத் தோன்றலாம். ஆனால் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இது வெறும் பட்டிமன்றத் தலைப்பு அன்று. நீதிமன்றங்களும் நிறுவனங்களும் ஓட்டுநர்களும் பல ஆண்டுகளாக வாதிட்டு வரும் வாழ்க்கைச் சிக்கல். அதன் இரு பக்கங்களையும் ஈண்டு ஆராய்வோம்.

உரிமையின் வேர்

அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தம் 1791இல் நிறைவேறியது. ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமை மீறப்படலாகாது என்பது அதன் சாரம். அவ்வுரிமை படைத்திரளுக்கு உரியதா, தனிமனிதனுக்கு உரியதா என்பது இருநூறு ஆண்டுகளாக வாதத்திற்குரியதாக இருந்தது. 2008இல் ஹெல்லர் வழக்கில், அது தனிமனித உரிமையே என்று நாட்டின் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2010இல் சிகாகோ நகருக்கு எதிரான வழக்கில், மாநிலங்களும் நகரங்களும் அதற்குக் கட்டுப்பட்டவையே என்று கூறியது.

எனினும் இத்தீர்ப்புகள் வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பதைப் பற்றியவை. வெளியே எடுத்துச் செல்லலாமா? சிகாகோவைத் தன்னகத்தே கொண்ட இல்லினாய் மாநிலம், மறைத்து எடுத்துச் செல்வதை அனுமதியாமல் கடைசிவரை நின்ற மாநிலம். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012இல் அத்தடையைச் செல்லாதென்று கூற, 2013இல் அங்கும் உரிமம் வழங்கும் சட்டம் பிறந்தது. நியூயார்க்கிலோ, 1911ஆம் ஆண்டுச் சட்டத்தை வேராகக் கொண்ட ஒரு விதி இருந்தது; தனக்கெனத் தனித்த காரணம் காட்டுபவருக்கே அங்கு முழு உரிமம் கிடைக்கும். 2022 ஜூனில் ப்ரூயன் வழக்கில் உச்சநீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அவ்விதியை நீக்கியது. 2024ஆம் ஆண்டின் இறுதிக்குள் 29 மாநிலங்கள் உரிமமே இல்லாமல் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல இசைந்துவிட்டன.

இன்னொரு செய்தியும் உண்டு. தன் வீட்டில் அத்துமீறி நுழைபவனை எதிர்க்க வீட்டுக்காரனுக்குள்ள உரிமையைச் சில மாநிலங்கள் காருக்கும் நீட்டியுள்ளன. 2005ஆம் ஆண்டின் புளோரிடாச் சட்டம் ஆள் அமர்ந்துள்ள வாகனத்தையும் வீட்டோடு சேர்த்தே பேசுகிறது. அப்படியாயின், வாடகைக்கார் யாருடைய வீடு? முன்னால் இருப்பவருடையதா, வாடகை கொடுத்துப் பின்னால் இருப்பவருடையதா? இருவரும் தத்தம் வீட்டைக் காக்கத் துப்பாக்கி எடுத்தால் என்னாகும்? சிக்கலின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

தொழிலின் ஆபத்து

துப்பாக்கி கேட்கும் ஓட்டுநரை முரடர் என்று ஒதுக்கிவிடக் கூடாது. அவர் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. தொழிற்பாதுகாப்பு, உடல்நலம் ஆகியவற்றுக்கான அமெரிக்க தேசிய ஆய்வு நிறுவனம் 1996இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 1990 முதல் 1992 வரை வாடகைக்கார்த் தொழிலில் ஒரு லட்சம் தொழிலாளர்க்கு ஆண்டொன்றுக்கு 41.4 பேர் பணியின்போது கொல்லப்பட்டனர் என்று அது கணக்கிட்டது. எல்லாத் தொழில்களுக்குமான சராசரி 0.70 மட்டுமே. அதாவது வாடகைக்கார் ஓட்டுநருக்குக் கொலை ஆபத்து ஏறத்தாழ 60 மடங்கு. மதுக்கடைப் பணியாளரும் காவலரும்கூட அவருக்குப் பின்னாலேதான் நின்றனர்.

காரணங்களைக் காண்பது கடினமன்று. ரொக்கப் பணத்தைக் கையாளுதல், தனியே வேலை செய்தல், இரவில் வேலை செய்தல், குற்றம் மிகுந்த பகுதிகளுக்குச் செல்லுதல், அறிமுகமற்றோருடன் பழகுதல் ஆகியவை ஒவ்வொன்றுமே ஆபத்து. வாடகைக்காரில் இவை அனைத்தும் ஒருங்கே கூடியுள்ளன. நியூயார்க்கின் மஞ்சள் கார் ஓட்டுநர்களில் மிகப் பெரும்பாலோர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். வங்காளதேசம், பாகிஸ்தான், இந்தியா ஆகிய நாடுகளிலிருந்து பிழைக்கச் சென்றவர்கள் அவர்களில் ஏராளம். கொல்லைக்குப் போனவன் திரும்பி வருவதுபோல் இயல்பாக வீடு திரும்ப வேண்டியவர்கள், ஒரு சில டாலர்களுக்காக உயிரிழந்த கதைகள் அந்நகரில் பல.

'வேண்டும்' என்போர் வாதம்

துப்பாக்கியை ஆதரிப்போர் முதலில் சுட்டுவது சிகாகோ நிகழ்ச்சி. 2015 ஏப்ரலில் ஓர் இரவு, அந்நகரின் லோகன் சதுக்கப் பகுதியில், நடைபாதையில் சென்ற கூட்டத்தின் மீது ஒருவன் சுடத் தொடங்கினான். அருகே காரில் இருந்த ஊபர் நிறுவன ஓட்டுநர் உரிமம் பெற்ற தம் துப்பாக்கியால் அவனைச் சுட்டு வீழ்த்தினார். சுட்டவன் காயத்தோடு பிழைத்தான். வேறு எவருக்கும் தீங்கில்லை. தம்மையும் பிறரையும் காக்கவே சுட்டார் என்று கண்டு, ஓட்டுநர் மீது அரசுத் தரப்பு வழக்குத் தொடரவில்லை.

அடுத்தது 2018 ஆகஸ்டில் புளோரிடாவில் நடந்தது. தன் தோழி ஒரு வாடகைக்காரில் இருப்பதாகத் தவறாக எண்ணிய ஒருவன், தன் வண்டியில் அதைத் துரத்தி வந்து வழிமறித்தான். தன்னிடம் துப்பாக்கி இருப்பதாகவும் சுடப்போவதாகவும் கூவியபடி இறங்கி வந்தான். ஓட்டுநர் சுட்டார், அவன் இறந்தான். அவன் கையில் இருந்தது கைபேசிதான் என்பது பின்னரே தெரிந்தது. ஆயினும் ஓட்டுநர் செய்தது தற்காப்பே என்று அம்மாவட்டக் காவல் தலைவர் அறிவித்தார்.

இவற்றோடு மற்றொரு வாதமும் உண்டு. தடை விதித்தால் அதற்குப் பணிபவர் யார்? சட்டத்தை மதிக்கும் ஓட்டுநர் மட்டுமே. கொள்ளையடிக்க வருபவன் நிறுவனத்தின் விதியைப் படித்துவிட்டா வருவான்? நல்லவன் வெறுங்கையோடும் தீயவன் ஆயுதத்தோடும் இருக்கும் நிலையைத் தடையே உண்டாக்குகிறது என்பது அவர்கள் கூற்று. இதனை எளிதில் தள்ளிவிட முடியாது.

இருக்கை சொல்லும் உண்மை

ஆனால் மேற்கண்ட இரு நிகழ்ச்சிகளையும் சற்றே கூர்ந்து நோக்குவோம். இரண்டிலும் தாக்கியவன் பயணி அல்லன். காருக்கு வெளியே, ஓட்டுநரின் கண்ணெதிரே நின்றவன். ஓட்டுநருக்குப் பார்க்கவும் எண்ணவும் கை நீட்டவும் இடம் இருந்தது. வாடகைக்கார்க் கொள்ளை பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. அது பின்னிருக்கையிலிருந்து வருகிறது.

ஓட்டுநரின் நிலையை எண்ணிப் பாருங்கள். இரு கைகளும் சுக்கானில் இருக்கின்றன. கண் சாலையில் இருக்கிறது. மார்பின் குறுக்கே பாதுகாப்புப் பட்டை இறுகியிருக்கிறது. ஆபத்தானவன் முதுகுக்குப் பின்னே இருக்கிறான். அவன் ஆயுதத்தை எடுத்த பிறகே அது இவருக்குத் தெரியவரும். அந்நேரத்தில் இடுப்புக்குக் கை போனால், அதுவே அவன் விசையை இழுப்பதற்குக் காரணமாகும். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பர். முதுகைக் காட்டி அமர்ந்திருப்பவனுக்கு ஆயுதமும் புல்லே.

2022 பிப்ரவரியில் பிட்ஸ்பர்க் நகரை அடுத்த பகுதியில், நான்கு குழந்தைகளின் தாயான பெண் ஓட்டுநர் ஒருவர் கொல்லப்பட்டார். பின்னாலிருந்த பயணி அவருடைய பின்தலையில் துப்பாக்கியை வைத்தான். தமக்குக் குடும்பம் இருக்கிறது என்று அவர் கெஞ்சினார். அவரிடமும் ஒரு துப்பாக்கி இருந்திருந்தால் அந்தக் கணத்தில் என்ன செய்திருக்க முடியும்? இவ்வினாவுக்கு ஆறுதலான விடை கிடைப்பதில்லை.

காவல்துறையின் வழக்கத்தையும் நோக்குக. அமெரிக்கக் காவலர் துப்பாக்கிப் பயிற்சி பெற்றவர். எந்நேரமும் அதனை ஏந்தியிருப்பவர். அவர்கூட ஒரு கைதியைக் காரின் பின்புறம் ஏற்றுமுன் அவனைச் சோதித்து, விலங்கிட்டு, தமக்கும் அவனுக்கும் இடையே ஒரு தடுப்பையும் வைத்துக்கொள்கிறார். இடுப்பிலுள்ள துப்பாக்கி பின்னிருக்கை ஆபத்துக்கு மருந்து என்று அவரே நம்பவில்லை. அவ்வாறிருக்க, சோதிக்கும் அதிகாரமும் விலங்கும் இல்லாத ஓட்டுநர் மட்டும் எவ்வாறு நம்புவது?

பயணியின் கையில்

இனிப் பயணியின் பக்கம் வருவோம். பயணிக்கும் அச்சம் உண்டு. குறிப்பாகத் தனியே செல்லும் பெண்ணுக்கு உண்டு. ஊபர் நிறுவனம் 2019இல் வெளியிட்ட தன் முதல் பாதுகாப்பு அறிக்கையில், அமெரிக்காவில் 2018ஆம் ஆண்டில் மட்டும் 3,045 பாலியல் தாக்குதல் புகார்கள் வந்ததாகக் கூறியது. 2017, 2018 ஆகிய ஈராண்டுகளில் தாக்குதலால் 19 பேர் இறந்தனர். அவர்களில் 8 பேர் பயணிகள், 7 பேர் ஓட்டுநர்கள், 4 பேர் பிறர். அவ்வீராண்டுகளில் நடந்த பயணங்கள் ஏறத்தாழ 230 கோடி. அவற்றை நோக்க இது சிறு எண்ணே. ஆயினும் ஓர் உண்மை புலனாகிறது. சாவு முன்னிருக்கையையும் பின்னிருக்கையையும் ஏறத்தாழச் சமமாகவே நாடியிருக்கிறது.

பின்னால் அமர்ந்திருப்பதால், துப்பாக்கி பயணிக்குத்தான் ஓட்டுநரைவிட அதிகம் பயன்படும். ஆனால் அதே காரணத்தால் அது ஓட்டுநருக்கு ஓயாத அச்சமாகவும் ஆகிவிடும். பின்னிருப்பவரின் துப்பாக்கி தற்காப்புக்கா, கொள்ளைக்கா என்பதை அவர் எப்படி அறிவார்? மேலும், குடித்தவர் கார் ஓட்டாமல் வீடு சேர வாடகைக்கார் துணை செய்கிறது என்பது இத்தொழிலின் சிறப்புகளில் ஒன்று. இரவில் மதுக்கூடத்து வாயிலிலிருந்து ஏறும் பயணிகள் பலர். வாடகைச் சச்சரவும் வழிச் சச்சரவும் அங்கே இயல்பு. இன்று வசைமொழியோடு முடியும் சண்டை, இருவர் இடுப்பிலும் துப்பாக்கி இருந்தால் எங்கே போய் முடியும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தடை மட்டும் போதுமா?

சிகாகோ நிகழ்ச்சி நடந்து இரண்டு திங்களுக்குள், 2015 ஜூனில், ஊபர் நிறுவனம் ஓட்டுநரும் பயணியும் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாதென்று விதி செய்தது. லிஃப்ட் என்னும் போட்டி நிறுவனமும் ஆயுதங்களை அனுமதிப்பதில்லை. அரசியலமைப்பு அரசைக் கட்டுப்படுத்துமேயன்றித் தனியார் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது. எனவே இத்தகைய விதிக்கு இடமுண்டு. புளோரிடா ஓட்டுநர் ஒருவர் 2017இல் இதனை எதிர்த்துத் தொடுத்த வழக்கும் 2018இல் தள்ளுபடியாயிற்று.

ஆனால் விதி வந்து எட்டுத் திங்கள் கழித்து நடந்தது என்ன? 2016 பிப்ரவரி 20 அன்று மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில், அதே நிறுவனத்தின் ஓட்டுநர் ஒருவன் ஊரின் வெவ்வேறு இடங்களில் 6 பேரைச் சுட்டுக் கொன்றான், இருவரைக் காயப்படுத்தினான். கொலைகளுக்கு இடையிடையே பயணிகளையும் ஏற்றி இறக்கினான். தடைவிதி அவன் துப்பாக்கியைத் தடுக்கவில்லை.

சிகாகோ ஓட்டுநரையும் கலமசூ ஓட்டுநரையும் அருகருகே வைத்துப் பார்த்தால் பாடம் தெளிவாகும். காரில் ஏறும் பயணிக்கு, துப்பாக்கி வைத்திருக்கும் ஓட்டுநர் எவ்வகையினர் என்று தெரியாது. எனவே எல்லாரும் ஏந்தலாம் என்பது தீர்வன்று. அதே வேளையில், காகிதத்தில் எழுதிய தடை மட்டும் காவலாகிவிடாது. ஏந்தாதே என்று சொல்பவர், வேறு என்ன காவல் தருகிறார் என்பதற்கும் விடை சொல்லியாக வேண்டும்.

உயிரைக் காத்தவை

இவ்விடத்தில் நமக்கு வழிகாட்டுவது அனுபவம். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்புத் துறை 2000 மே மாதத்தில் ஓட்டுநர்களுக்கான பாதுகாப்பு முறைகளைத் தொகுத்து வெளியிட்டது. ஓட்டுநருக்கும் பயணிக்கும் இடையே குண்டு துளைக்காத தடுப்பு, காருக்குள் காமிரா, கார் இருக்குமிடத்தைக் காட்டும் கருவி, ஓசையின்றி உதவி கோரும் பொத்தான், ரொக்கத்தைக் குறைக்கும் அட்டைக் கட்டணம் ஆகியவை அவற்றுள் அடங்கும்.

இவற்றுள் எது மிகுதியாகப் பயன்பட்டது? முன்னர்க் குறிப்பிட்ட ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தோர் 26 நகரங்களில் 1996 முதல் 2010 வரை நடந்த ஓட்டுநர் கொலைகளை ஒப்பிட்டு 2013இல் முடிவுகளை வெளியிட்டனர். காரில் காமிரா பொருத்திய நகரங்களில் கொலை விகிதம், காமிராவும் தடுப்பும் இல்லாத நகரங்களைவிட மூன்றில் ஒரு பங்கு அளவிலேயே இருந்தது. தடுப்பை மட்டும் பொருத்திய நகரங்களில் அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை.

இது சற்று வியப்புக்குரியது. தடுப்பு குண்டைத் தாங்கும். காமிராவோ ஒரு கல்லைக்கூடத் தாங்காது. பின் அது எவ்வாறு உயிரைக் காத்தது? கொள்ளைக்காரனின் உண்மையான வலிமை அவன் ஆயுதத்தில் மட்டும் இல்லை. தான் யாரென்று எவருக்கும் தெரியாது என்பதிலும் இருக்கிறது. இருட்டிலிருந்து வந்து, இருட்டிலேயே மறைந்துவிடலாம் என்ற துணிவே அவனை அந்தக் காரில் ஏற்றுகிறது. முகம் பதிவாகிவிட்டது என்று தெரிந்ததும் அத்துணிவு தளர்கிறது. பணம் இல்லை, முகமும் பதிவாகிறது என்றால், கொள்ளைக்கு அங்கு என்ன வேலை?

'என் பெயர் என்ன?'

இவ்வுண்மை பயணிக்கும் பொருந்தும். அதற்கு நம்மைப் போன்ற மாணவர் உலகத்திலிருந்தே ஒரு சான்று உண்டு. 2019 மார்ச்சில், தென் கரோலினாவின் கொலம்பியா நகரில், 21 வயதுப் பல்கலைக்கழக மாணவி ஒருவர் நள்ளிரவுக்குப் பின் செயலி வழியாக ஒரு காரை அழைத்துவிட்டு நின்றார். வந்து நின்ற வேறொரு காரைத் தாம் அழைத்த காரென்று எண்ணி ஏறினார். பின்கதவுகள் உள்ளிருந்து திறக்க முடியாதபடி இருந்தன எனக் காவல்துறையினர் கூறினர். அன்றே அவர் உடல்தான் கிடைத்தது. கொன்றவனுக்கு 2021இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

மகளை இழந்த பெற்றோர் மாணவியர் கையில் துப்பாக்கி கொடுங்கள் என்று கேட்கவில்லை. ஏறுமுன் ஓட்டுநரிடம் 'என் பெயர் என்ன?' என்று கேளுங்கள் என்று நாடெங்கும் பரப்பினர். உண்மையான ஓட்டுநரிடம் அப்பெயர் இருக்கும், பொய்யனிடம் இராது. இயக்கம் அதோடு நிற்கவில்லை. வாடகைக்குச் செல்லும் இத்தகைய கார்கள் தம் பதிவெண்ணை முன்புறமும் காட்ட வேண்டுமென்று அம்மாநிலம் அதே ஆண்டில் சட்டம் செய்தது. அம்மாணவியின் பெயரால் வழங்கும் கூட்டாட்சிச் சட்டம் ஒன்றும் 2023 ஜனவரியில் கையெழுத்தாயிற்று. பெயரைக் கேட்பது சின்னஞ்சிறு செயல்தான். ஆயினும் காமிரா எந்த இருளை அகற்றுகிறதோ, அதே இருளை அந்தக் கேள்வியும் அகற்றுகிறது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் நாம் அடையும் முடிவு யாது? வாடகைக்காரின் ஆபத்து ஆயுதக் குறைவால் பிறந்ததன்று. ஒருவரையொருவர் அறியாமையால் பிறந்தது. துப்பாக்கி அவ்வறியாமையைப் போக்குவதில்லை. அதன்மேல் அச்சத்தையும் ஏற்றி வைக்கிறது. எனவே ஓட்டுநரும் பயணியும் துப்பாக்கி ஏந்துவதை அனுமதிக்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

ஆனால் இம்முடிவை நிறுவனங்கள் மட்டும் மகிழ்ச்சியோடு எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது. செயலி நிறுவனங்கள் தம் ஓட்டுநர்களைத் தொழிலாளர் என்று ஏற்காமல், தனித்து இயங்கும் ஒப்பந்தக்காரர் என்றே பல மாநிலங்களில் கொள்கின்றன. ஆகவே கார் அவருடையது, செலவு அவருடையது, உயிரும் அவருடையது. அப்படிப்பட்டவரிடம் துப்பாக்கியை மட்டும் கீழே வைக்கச் சொல்லிவிட்டுக் காமிராவை நீயே வாங்கிக்கொள் என்பது நீதியாகாது. ஆயுதத்தைக் கைவிடச் சொல்லும் உரிமை, ஈடான காவலைத் தருபவருக்கே உண்டு. காமிராவின் செலவை நிறுவனம் ஏற்க வேண்டும். ஓட்டுநரின் பெயரைப் பயணியும் பயணியின் பெயரை ஓட்டுநரும் ஐயமின்றி அறிய வழி செய்ய வேண்டும். உதவி கோரினால் ஓடிவரக் காவல்துறை இருக்க வேண்டும்.

நள்ளிரவில் கையசைக்கும் மனிதரைக் கண்டு காரை நிறுத்தும் ஓட்டுநர், அவரும் தம்மைப் போல் வீடு திரும்ப விழையும் ஒருவரே என்று நம்பித்தான் நிறுத்துகிறார். பின்கதவைத் திறந்து ஏறுபவரும் அவ்வாறே நம்புகிறார். இருவரையும் பத்திரமாக வீடு சேர்ப்பது துப்பாக்கியின் வேலையன்று. அந்நம்பிக்கைக்குத் துணை நிற்கும் சமுதாயத்தின் வேலை.